ஆஜரக்கா

போன மாதம் பென்ஷனுக்காக உயிர்ச்சான்று கொடுக்க பேங்க்குக்குப் போயிருந்தேன். வருடத்துக்கு ஒரு முறை நேரில் போய், நான் இன்னும் சாகவில்லை என்று முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைக் கூப்பிட்டதும், என் வாய் என்னைக் கேட்காமலேயே "ஆஜர்" என்றது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். கோர்ட்டு என்று நினைத்துவிட்டீர்களா என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன். 

அந்தச் சொல் என்னுடையது இல்லை. ஒரு பெண்ணிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றரை வருடம், தினம் காலை பத்து மணிக்கு, ஒன்றுக்கும் உதவாமல் அந்தப் பெயரை நான் கூப்பிட்டிருக்கிறேன். இனியும் அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. மில்லில் அவரை ஆஜரக்கா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது போதும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், குன்னத்துக்கு இந்தப் பக்கம், எழுபதுகளின் கடைசியில் ஒரு நூல் மில் இருந்தது. பருத்தி விளைகிற மண்ணிலேயே நூலையும் நூற்றுவிடலாம் என்று வெளியூர் முதலாளிகள் யாரோ கட்டியது. பி.யூ.சி. முடித்துவிட்டு அரியலூர் கடைத்தெருவை அளந்துகொண்டிருந்த என்னை என் மாமா இழுத்துக்கொண்டு போய் அங்கே டைம் ஆபீஸ் கிளார்க்காகச் சேர்த்துவிட்டார். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, கம்பி வைத்த ஜன்னல், ஒரு பெரிய ரிஜிஸ்டர். ஆண்களுக்கு டோக்கன் உண்டு. ரீலிங் பகுதியில் நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுகிற பெண்கள் அறுபது பேருக்கு மட்டும் நான் பெயர் கூப்பிட வேண்டும். வந்தவருக்கு ஒரு புள்ளி, வராதவருக்கு ஒரு கோடு. என் உத்தியோகம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்ததும் நான் ஏதோ கலெக்டர் என்று எனக்கு நினைப்பு.

முதல் நாள் பெயர் கூப்பிட்டேன். "சார்" என்றார்கள், "இருக்கேன்" என்றார்கள், "வந்துட்டேன்" என்றார்கள். நடுவில் ஒரு குரல் மட்டும் கேட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை வரை கேட்கிற மாதிரி "ஆஜர்" என்றது. நான் சிரித்துவிட்டேன். அந்தக் குரலுக்கு உரியவர் ஜன்னலுக்கு வந்தார். நெடுநெடுவென்ற உருவம், முப்பத்தைந்து நாற்பது வயது, வெறும் நெற்றி. அறுந்த நூலைக் கடித்துக் கடித்து முன்பல் ஒன்றில் பள்ளம் விழுந்திருந்தது.

"எதுக்கு சார் சிரிக்கிறீங்க? பேப்பரப் பாத்துப் பேரு கூப்புட்டா அதான சொல்லணும்?"

அவசரமாகப் புள்ளி வைத்தேன். மறுநாளிலிருந்து நான் சிரிக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தன் பெயரின் முதல் எழுத்து உதட்டில் வந்ததுமே பதில் வந்துவிடும்.

அவர் ஊர் மில்லிலிருந்து நாலு மைல். புருஷன் கிணறு வெட்டப் போன இடத்தில் மண் சரிந்து போய்விட்டார். ஒரே மகள். இதெல்லாம் மெதுவாகத்தான் தெரிந்தது, அவர் தன் கதையைச் சொல்கிற ஆளில்லை. தூக்குவாளியில் கம்பஞ்சோறும் உரிக்காத சின்ன வெங்காயமும் கொண்டு வருவார். போகும்போது ஜன்னலில் எனக்கும் நாலு வெங்காயம் வைத்துவிட்டுப் போவார். நான் ஐயர் வீட்டுப் பிள்ளை மாதிரி கூச்சப்படுகிறேன் என்று கேலி செய்வார். வேலைக்கு வராத நாள் என்று ஒன்று அவரிடம் கிடையாது. அது எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது, பிறகு மரியாதையாக ஆனது, கடைசியில் பயமாக ஆகிவிட்டது.

ஒரு ஐப்பசியில் நாலு நாள் அடைமழை. அவர் ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருந்த ஓடையில் இடுப்புக்கு மேல் தண்ணீர். அந்தப் பக்கத்துப் பெண்கள் யாரும் வரவில்லை. நானும் எல்லோருக்கும் வரிசையாகக் கோடு போட்டு முடித்துவிட்டேன். மை காய்வதற்குள் அவர் வந்து நிற்கிறார், கழுத்து வரை நனைந்து, சேலையைப் பிழிந்துகொண்டு. கோடு போட்டாயிற்று என்றேன். "சங்கு இன்னும் ஊதல சார்" என்று மேலே காட்டினார். உண்மைதான். மழையில் எனக்கு அவசரம். கோட்டை அடித்து, புள்ளி வைத்து, பக்கத்தில் நான் சின்னக் கையெழுத்துப் போடுகிற வரை அவர் நகரவில்லை. சங்கு ஊதியது. அதற்கப்புறம்தான் உள்ளே ஓடினார்.

மகள் வயதுக்கு வந்து சடங்கு வைத்த நாளிலும் காலை ஆறு மணிக்கு வந்து நின்றார். தாய்மாமன் சீர்த்தட்டோடு வீட்டு வாசலில் காத்திருக்கிறாராம். இப்படியும் ஒரு தாய் உண்டா என்று கூட வேலை செய்த பெண்களே திட்டினார்கள். அவர் அசரவில்லை. சடங்கை நாலு மணிக்கு வைத்தாலும் அது சடங்குதான், சங்கு ஆறு மணிக்குத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மில்காரர்கள் கையால் பேசுவார்கள். ரீலிங் பகுதிக்கும் நூற்கும் பகுதிக்கும் நடுவில் சுவர் கிடையாது. அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு செல்லாது. தாடையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்துச் சட்டென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது. ஆஜரக்கா கையால் ஊர்க்கதை முழுக்கப் பேசுவார். சம்பளத் தாளோடு நான் உள்ளே போகும்போதெல்லாம் என்னைப் பற்றி ஏதோ கையால் சொல்லுவார், அறுபது பேரும் சிரிப்பார்கள். அது என்ன என்று கடைசி வரை எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்புறம் கரண்ட் கட்டுக் காலம் வந்தது. மின்சாரம் இல்லாவிட்டால் மிசின் ஓடாது. மிசின் ஓடாவிட்டால் லே-ஆஃப். லே-ஆஃப் நாளில் பாதிச் சம்பளம் உண்டு, ஆனால் ஒரு நிபந்தனை. வேலை இல்லை என்று தெரிந்தாலும் ஆள் கேட்டுக்கு வந்து, பத்து மணிக்குப் பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வராவிட்டால் அந்த நாள் போயிற்று. அது சட்டம். நான் உண்டாக்கினது இல்லை. பாதிப் பேர் அலுத்துக்கொள்வார்கள், இல்லாத வேலைக்கு எட்டு மைல் நடையா என்று. ஆஜரக்காவுக்கு மட்டும் அது நியாயமாகப் பட்டது. "நின்னவளுக்குத்தான் சார் பேரு. நிக்காதவளுக்கு ஏது பேரு?" என்பார்.

ஒரு பொங்கல் கழிந்து கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பஞ்சு விலை, நூல் தேக்கம் என்று ஏதேதோ எழுதி, மறு அறிவிப்பு வரை லே-ஆஃப் என்று முடித்திருந்தது. நான்தான் அதை உரக்கப் படித்தேன். யாரும் கலங்கவில்லை. கரண்ட் கட்டில் பழகிப்போனவர்கள்தானே. மறுநாள் பத்து மணிக்கு அறுபது பேரும் வந்து குரல் கொடுத்தார்கள்.

பாதிச் சம்பளம் கொஞ்ச நாள் வந்தது, நின்றது. திறக்கும்போது மொத்தமாகத் தருவார்கள் என்றும், அதுவரை ஒருநாள் தவறாமல் வருகை இருந்தால்தான் வேலை நிலைக்கும் என்றும் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஆட்கள் கரையத் தொடங்கினார்கள். சிலர் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போனார்கள். சிலர் வெங்காயக் கொல்லையில் களையெடுக்கப் போனார்கள். சிலர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனார்கள். அறுபது நாற்பதாயிற்று, பிறகு பதினைந்து. பத்து மாதத்தில் கேட்டுக்கு வெளியே ஒரே ஒருவர்தான் நின்றார். அப்போதும் நான் ரிஜிஸ்டரை விரித்து அறுபது பெயரையும் கூப்பிடுவேன். திருப்பூரில் இருப்பவளையும் கூப்பிட்டு, ஒரு நிமிஷம் நிறுத்தி, கோடு போடுவேன். அவர் தன் முறை வருகிற வரை பொறுமையாகக் காத்திருந்து "ஆஜர்" என்பார். பிறகு நாலு மைல் திரும்பி நடப்பார்.

இந்த இடத்தில்தான் என் யோக்கியதை வருகிறது. அந்தப் பத்தாவது மாதத்தில் முதலாளிகளின் ஆபீசிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. இனிமேல் வருகைப் பட்டியலை அனுப்ப வேண்டியதில்லை, ஆனால் பெயர் கூப்பிடுவதை மட்டும் நிறுத்த வேண்டாம், என் சம்பளம் தொடரும் என்று எழுதியிருந்தது. நான் முட்டாள் இல்லை. பட்டியல் போகாது என்றால் அந்தப் புள்ளி யார் கணக்கிலும் ஏறாது என்று எனக்கு அன்றே புரிந்தது. கேட்டில் கூட்டம் கூடி ரகளை ஆகாமல் இருக்க நான் ஒரு விளையாட்டு நடத்த வேண்டும், அதற்குத்தான் கூலி. அப்போதுதான் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். மில் கிளார்க் என்று சொல்லித்தான் பார்த்திருந்தார்கள். கடிதத்தை மடித்து மேசைக்குள் வைத்துவிட்டுப் பத்து மணிக்குப் பெயர் கூப்பிட்டேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எனக்கு அந்த ரிஜிஸ்டர் இலுப்பைப்பூ.

அதற்கு ஏழெட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூடங்களில் சத்துணவுக் கூடம் வந்தது. ஊருக்கு ஊர் அமைப்பாளர், சமையல்காரர், ஆயா என்று பெண்களுக்கு வேலை. புருஷன் இல்லாதவர்களுக்கு முதலிடம். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆயா வேலைக்கு அவரைத்தான் எழுதியிருந்தார்கள். வேறு போட்டி இல்லை. பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு நேரில் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். சம்பளம் குறைவு. ஆனால் மில் மாதிரி மூடுகிற சங்கதி இல்லை, பிள்ளைகள் பசிக்கிற வரை அது இருக்கும்.

அதே வாரத்தில் மில்லுக்குள்ளிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. டங் டங் என்று சுத்தியல் சத்தம், இரும்பு உருள்கிற சத்தம். கேட்டின் சாவி என்னிடம்தான் இருந்தது. ஆனால் மிசின் இருந்த கொட்டகைக்கு வேறு பூட்டு, வேறு காவல். பின்பக்கம் தைலமரக் காட்டையொட்டி இன்னொரு வாசலும் உண்டு. ஆஜரக்கா காம்பவுண்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வருடத்துக்கு ஒரு தரம் மிசினைப் பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, மறுபடி பூட்டுவார்கள். அதற்கப்புறம்தான் புது ஓட்டம். அந்தச் சத்தம் அவருக்குத் தாலாட்டு மாதிரி மனப்பாடம்.

"மிசினக் கழட்டிப் பூட்டுறாங்க சார். பதினஞ்சு நாளுல சங்கு ஊதிருவாங்க, பாருங்க."

நானும் நம்பினேன். இதை நான் சத்தியமாகச் சொல்ல முடியும். அந்தக் கடிதத்தையும் வைத்துக்கொண்டு, அந்தச் சத்தத்தையும் கேட்டு, நல்லவேளை, என் பொய் உண்மையாகப் போகிறது என்று நான் சந்தோஷப்பட்டேன்.

ஆயா வேலைக்கு நேரில் நிற்க வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு நாள் வராவிட்டால் என்ன ஆகும் என்று என்னிடம் கேட்டார். யூனியன் ஆபீசுக்குப் போய்விட்டு வாருங்கள், நான் புள்ளி வைத்துவிடுகிறேன் என்றேன். பெரிய உபகாரம் செய்கிற தோரணையில்தான் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. அன்றைக்குத்தான் கோர்ட்டுக் கதையைச் சொன்னார்.

புருஷன் செத்த பிறகு கிணற்றுக்காரர் மேல் நஷ்டஈட்டுக்கு வழக்குப் போட்டிருந்தார்களாம். வாய்தாவுக்கு வாய்தா கைக்குழந்தையோடு போய் நிற்பார். டவாலி வெளியே வந்து பெயரை மூன்று தரம் கூப்பிடுவான், "ஆஜர்"னு சத்தமாச் சொல்லிட்டு உள்ளே வா என்று வக்கீல் குமாஸ்தா சொல்லிக் கொடுத்திருக்கிறார். கடைசி வாய்தா அன்று குழந்தை தண்ணீருக்கு அழுதது. குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் மூன்று தரமும் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். வாதி ஆஜராகவில்லை, வழக்குத் தள்ளுபடி.

"நான் அங்கதான் சார் இருந்தேன். வேப்பமரத்துக்கு அந்தாண்ட. இருந்தும் இல்லன்னு எழுதிட்டாங்க." ஜன்னல் கம்பி வழியாக ரிஜிஸ்டரைக் காட்டினார். "இல்லாத ஆள இருக்குன்னு நீங்க இன்னைக்கி எழுதுனா, இருக்குற ஆள இல்லன்னு நாளைக்கி எழுதலாம்ல? வேணாம் சார். புள்ளின்னா அது நான் நின்ன புள்ளியா இருக்கணும்."

இதைக் கேட்டுக்கொண்டு, மேசைக்குள் அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு, நான் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் மகள் வந்தது. பதினேழு வயதிருக்கும். குன்னத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்த பெண், படிப்பை விட்டுவிட்டு எட்டு மாதமாகச் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தது. புருவம், இமை எல்லாம் வெள்ளைத் தூசி. விரல் நுனிகள் வெடித்திருந்தன. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"நாளைக்கி ஒரு நாளு எங்கம்மாவ வரவேணாம்னு சொல்லுங்க சார். நாங்க சொன்னா கேக்கல. நீங்க சொன்னா கேக்கும். அந்த வேல கெடச்சா நான் மறுபடி பள்ளிக்கூடம் போயிருவேன் சார்."

சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனது. என்னைக் கும்பிட்ட முதல் ஆள் அதுதான். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை அவர் வந்து நின்றார். தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தார். யூனியன் ஆபீசுக்குப் போகலாம் என்று மனம் கடைசி வரை ஆடியிருக்கும் போல. அரை மணி முன்னாலேயே வந்திருந்தார், பெயரைச் சீக்கிரம் கூப்பிட்டுவிட்டால் ஓடிவிடலாம் என்று. நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா, இது எதற்கும் ஆகாத புள்ளி, ஓடுங்கள் என்று ஒரு வரி. உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எப்படியும் மில் திறக்கத்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டப்படி பத்து மணி ஆனதும் முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தேன். அவர் பெயர் நாற்பத்தி மூன்றாவது. "ஆஜர்" என்றார். யூனியன் ஆபீசுக்குப் போகிற பஸ் போய்விட்டிருந்தது. ஆயா வேலை அவர் தெருவிலேயே வேறொருத்திக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்துச் சத்தம் நின்றது. எண்ணெய் போட்டு முடித்துவிட்டார்கள், இனி சங்குதான் என்றார் ஆஜரக்கா. அதற்கு மறுநாள் சாயங்காலம் பேய்க்காற்று அடித்து, கூரைத் தகடுகள் பறந்தன. எங்கே பெயர்ந்தது என்று பார்க்கக் காம்பவுண்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன். பின்வாசல் கதவு திறந்து கிடந்தது. காவலுக்கு ஆள் இல்லை. மண்ணில் முழங்கால் ஆழத்துக்கு லாரிச் சக்கரத் தடம். கொட்டகைக்குப் பூட்டே இல்லை. உள்ளே நுழைந்தேன்.

ஒன்றுமே இல்லை. நூற்கிற மிசின் ஒன்று கூட இல்லை, ரீல் இல்லை, பாபின் இல்லை, தொங்கிக்கொண்டிருந்த விளக்குகள் கூட இல்லை. சிமெண்டுத் தரையில் அறுத்துவிட்ட போல்ட்டு முளைகள் மட்டும் வரிசை வரிசையாக நின்றன. எண்ணெய்க் கறை இருந்த இடத்தை வைத்துத்தான் இன்ன மிசின் இங்கே இருந்தது என்று சொல்ல முடிந்தது. கூரை பெயர்ந்த இடத்தில் வானம் தெரிந்தது.  அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மிசினைக் கழற்றிப் பூட்டிய சத்தம் இல்லை அது, கழற்றிய சத்தம் மட்டும்தான். இத்தனை வருடம் அந்த இரும்போடு பழகிய அக்காவுக்குக் கூட அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முன்வாசலில் நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன், பின்வாசல் வழியாக மில் போய்க்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் என்ன ஆயிற்று என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. மில் திறக்கவே இல்லை. அந்தப் புள்ளிகளுக்கு எந்த ஆபீசிலும் மதிப்பு இல்லை. முதலாளிகள் யார் என்றே விசாரிக்கப் போனவர்களுக்குப் பிடிபடவில்லை. நான் மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போய்விட்டேன். கல்யாணமும் நடந்தது. ஆஜரக்கா மகளோடு கல் உடைக்கப் போனார். அந்தப் பெண் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. சில வருடம் கழித்து கல்லங்குறிச்சி தேர்க் கூட்டத்தில் தூரத்தில் அவரைப் பார்த்தேன். இருமிக்கொண்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன். அங்கேயும் நான் ஆஜராகவில்லை.

இப்போது அந்தக் காலை, காலிக் கொட்டகையைப் பார்த்த மறுநாள். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். சொல்ல வேண்டும் என்று இரவெல்லாம் வார்த்தை கூட்டி வைத்திருந்தேன். அதற்குப் பதில் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய கேட்டைத் திறந்தேன்.

"உள்ள வாங்கக்கா" என்றேன்.

ஒன்றரை வருடம் கழித்துத் திறக்கிற கேட். அவர் முகத்தில் வந்த சிரிப்பை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். செருப்பைக் கழற்றி வழக்கமாக விடுகிற மூலையில் விட்டார். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். தலைமுடி மிசினில் மாட்டாமல் இருக்கத் துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டார். எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். கொட்டகை வாசலில் நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பிறகு உள்ளே போனார். தரையில் அடையாளம் எதுவும் தேவைப்படவில்லை அவருக்கு. இடமும் வலமும் பார்க்காமல், இல்லாத மிசின்களை ஒதுங்கி ஒதுங்கி வளைந்து நடந்து, ஜன்னல் ஓரம் தன் ரீல் இருந்த இடத்தில் போய் நின்றார். காலடியில் நாலு போல்ட்டு முளை. என் பக்கம் திரும்பினார். ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. ஆனாலும் அந்த இடத்தில் வாயால் பேசிப் பழக்கமில்லை அவருக்கு. இரண்டு ஆள்காட்டி விரலையும் சேர்த்து வைத்து, பிரித்துக் காட்டினார்.

நான் அழுதுவிட்டேன். கடிதத்தைப் பற்றிச் சொன்னேன், எத்தனை மாதமாக எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருக்கலாம். ரிஜிஸ்டரை எடுத்து வரச் சொன்னார். ஓடிப் போய் எடுத்து வந்தேன்.

"கூப்புடுங்க சார்" என்றார்.

அவர் பெயரைக் கூப்பிட்டேன்.

"ஆஜர்."

காலிக் கொட்டகையில் அது எங்கெங்கோ போய் முட்டித் திரும்பி வந்தது. புள்ளி வைத்தாயிற்றா என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கோர்ட்டு டவாலி மாதிரி நிமிர்ந்து நின்று, காலித் தரையைப் பார்த்து மில்லின் பெயரை உரக்கக் கூப்பிட்டார். ஒரு தரம். நிறுத்தி, இன்னொரு தரம். நிறுத்தி, மூன்றாம் தரம்.

கூரை ஓட்டையில் ஒரு புறா படபடத்துவிட்டு அடங்கியது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் வந்துட்டேன் சார். மில்லுதான் வரல. கோடு போடுங்க."

போட்டேன்.